மூன்றாவது வரிக்கு முன்

டீச்சர்: ...அதான் சொல்றேனே மேடம், ஸ்பீக்கர்ல கோளாறு. பாட்டு அந்த இடத்துல நின்னு நின்னு வந்துச்சு. மூணாம் வகுப்பு அதை அப்படியே பிடிச்சுக்கிச்சு.

தலைமையாசிரியை: முப்பத்திரண்டு பேருமா?

டீச்சர்: பிள்ளைங்கதானே... காதுல விழுந்ததைத்தானே பாடும்.

தலைமையாசிரியை: பாட்டைச் சோதிக்க வந்த அதிகாரியைப் பார்த்தியா? ரெண்டு வரி வரைக்கும் நல்லாத் தலையாட்டினார். மூணாவது வரிக்கு முன்னாடி வகுப்பே கப்சிப். அவர் தலை மட்டும் தனியா ஆடிக்கிட்டிருந்துச்சு.

டீச்சர்: கிண்டல் பண்ணாதீங்க மேடம்.

தலைமையாசிரியை: புதுப் பாடத்திட்டத்துல என்ன போட்டிருக்கு, சொல்லு.

டீச்சர்: வருஷம் முடியறதுக்குள்ள எல்லாரும் சேர்ந்து, தாளம் பிசகாம, நடுவுல நிறுத்தாம ஒரு பாட்டுப் பாடணும்.

தலைமையாசிரியை: நாடு பூரா ஒரே பாட்டு, ஒரே வேகம். நிறுத்தினா காரணம் எழுதிக் கொடுக்கணும்னு கேட்டுட்டுத்தான் அஞ்சாம் வகுப்புக்குப் போயிருக்கார். ஸ்பீக்கர்னே வெச்சுக்குவோம். புதுசு அனுப்புவாங்க. அடுத்த வாரத்துலேருந்து அதுகூடவே பாட வேண்டியதுதான்.

டீச்சர்: ஐயோ... புதுசெல்லாம் வேண்டாம்.

தலைமையாசிரியை: ஏம்மா? நிக்காம ஓடுமே.

டீச்சர்: அதான் மேடம்... அது நிக்காது.

தலைமையாசிரியை: பழசு பழுது பார்த்து வந்தே ஒரு மாசம் ஆச்சு. வாங்கி வெச்சதே நீதான். அதுல கோளாறு எங்கேருந்து வந்துச்சு?

டீச்சர்: மேடம், வெளியில யாராவது...

தலைமையாசிரியை: கதவு சாத்தித்தான் இருக்கு. சொல்லு.

டீச்சர்: ஒரு பிள்ளைக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகியிருக்கு. ரெண்டு வரி பாடினா மூச்சு வாங்கும். நிதானமாப் பாடட்டும், ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார். ஆனா மூணாவது வரிக்கு உடனே வர முடியாது.

தலைமையாசிரியை: அதனால நீ நிறுத்தச் சொன்னே.

டீச்சர்: சத்தியமா இல்ல. நிறுத்தாதீங்கன்னு ரெண்டு தடவை அதட்டிக்கூடப் பார்த்தேன். பக்கத்துல நிக்கறதுதான் முதல்ல நின்னுச்சு. அப்புறம் அந்த வரிசை. ஒரே வாரத்துல வகுப்பு மொத்தமும். ஒண்ணுகூடத் திரும்பிப் பார்க்காது மேடம்... சும்மா காத்திருக்கும். அந்தப் பிள்ளை மூச்சை இழுத்ததும் எல்லாம் ஒண்ணா எடுத்துக்கும்.

தலைமையாசிரியை: எவ்வளவு நேரம்?

டீச்சர்: முன்னெல்லாம் எட்டு எண்ணுவேன். இன்னிக்கு நாலுதான்.

தலைமையாசிரியை: ம்... யாரு அது? பேரைச் சொல்லு.

டீச்சர்: எதுக்கு?

தலைமையாசிரியை: அவர் கேட்ட படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்ன போடறது?

டீச்சர்: பேர் போச்சுன்னா 'பாட இயலாதவர்' பட்டியல்ல ஏத்திடுவாங்க. போன வருஷம் அப்படித்தான். வகுப்பு பாடிக்கிட்டிருந்தப்போ அது மூலையில உட்கார்ந்து வருஷம் பூரா வீணைப் படத்துக்கு வர்ணம் அடிச்சுது.

தலைமையாசிரியை: அப்போ உன் பேர்தான் வரும். ஆசிரியைக்குத் தாளம் தெரியலைன்னு.

டீச்சர்: போடுங்க, உண்மைதானே. நான் கணக்கு டீச்சர். நான் பாட ஆரம்பிச்சா எங்க வீட்டுக்காரர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தறார்.

தலைமையாசிரியை: விளையாட்டு இல்லம்மா. லீவு பூரா பயிற்சின்னு இழுப்பாங்க. பணிப் பதிவேட்டுல ஏறும்.

டீச்சர்: ஏறட்டும்.

தலைமையாசிரியை: யோசிச்சுச் சொல்லு.

டீச்சர்: யோசிச்சாச்சு. அந்தப் பேரை மட்டும் கேட்காதீங்க மேடம்.

தலைமையாசிரியை: சரி, கேட்கல... இந்தா, தண்ணி குடி.

டீச்சர்: அவர் வர்றதுக்குள்ள எழுதிடுங்க. என் கையெழுத்தும் வேணும்னா போட்டுட்டுப் போறேன்.

தலைமையாசிரியை: அது நீ வர்றதுக்கு முன்னாடியே எழுதி அவர் கையில கொடுத்தாச்சு. அந்த இடத்துல நிறுத்தச் சொன்னதே நான்தான்னு. கையெழுத்துப் போட்ட அப்புறம்தான் உறைச்சுது, எதுக்காகப் பொய் சொன்னோம்னு எனக்கே தெரியலையேன்னு... அதான் உன்னைக் கூப்பிட்டேன்.