மேஸ்திரிக்குக் கடிக்க ஒண்ணு வேணும்

...அத்தத்தான் சொல்றேன், கடைக்காரன் எடுத்துக் குடுத்தா அப்படியே வாங்கிகினு வந்துடறதா? நில்லுங்க டீச்சரம்மா. கேட்டைத் தொறக்காதீங்க, உங்க நாய்க்குட்டி லட்டு வெளிய ஓடியாந்துடும். குட்டிக்குப் பல்லு மொளைக்குது, கட்டில் காலைக் கடிக்குதுன்றீங்க. சரி. கடிக்கத்தானே பல்லு? அதுக்குன்னு பை நிறைய வெனையை வாங்கிகினு வருவாங்களா? இப்படிக் குடுங்க பையை. அட குடுங்க. எதிர்வூட்டுக்காரன், தூக்கிகினா ஓடப் போறேன்? என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு ஓடவும் முடியாது.

இது இன்னா, வெள்ளையா... எலும்பா? எலும்பு இல்ல. தோலு. மாட்டுத் தோலைச் சுருட்டி, ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு, எலும்புன்னு பேர் வச்சிருக்கான். கடிக்கக் கடிக்க வழவழன்னு ஆயிடும். குட்டி லபக்குன்னு முழுங்கிடும். உள்ள போய் ஊறும். கொண்டக்கடலைய ராத்திரி ஊறப்போட்டா காலையில எம்மாம் ஆவுது? அந்த மாதிரி. அப்பறம் நீங்க குட்டியத் தூக்கிகினு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். தள்ளி வைங்க அத்த.

பந்து. ம். நல்லா இருக்குது, கோலி ஆடலாம். இன்னும் கொஞ்ச நாள்ல லட்டு வாயி இம்மாம் பெருசு ஆயிடும். அப்ப இது நேராப் போய் தொண்டையில உக்காந்துக்கும். வாய்க்குள்ள முழுசாப் போவாத பந்தா வாங்கணும். இத்த உங்க இஸ்கூல் பசங்களுக்குக் குடுங்க.

இந்தக் கட்டை இன்னா, கல்லு மாதிரி? கட்டை விரல் நகத்தால அழுத்துங்க. நானா? என் நகம் தேஞ்சு போச்சு, நீங்க அழுத்துங்க. பதியுதா? பதியல. அப்ப ஒடையறது கட்டை இல்ல, பல்லு. நகம் கொஞ்சமாவது பதியணும். அவ்ளோதான் கணக்கு. டீச்சருக்கு நான் கணக்கு சொல்லிக் குடுக்கிறேன், பாத்தீங்களா?

கயிறு! முறுக்குக் கயிறு. அட்டையில இன்னா எழுதியிருக்கான்... பருத்தியா? யார்கிட்ட? ஆரணியில வந்து நூல்ல பொய் சொல்றான் பாருங்க! இருங்க, தீப்பெட்டி வச்சிருக்கேன். ஒரே ஒரு இழை, பயப்படாதீங்க. பட்டா இருந்தா முடி கருகுற நாத்தம் வரும். பருத்தியா இருந்தா காயிதம் எரியற வாசனை வரும், சாம்பலா உதிர்ந்துடும். இத்தப் பாருங்க... உருகி, உருண்டையா நிக்குது. தொடாதீங்க, சுடும்! பருத்தியாம் பருத்தி. பிளாஸ்டிக்கு. சரி, நெசப் பருத்தியாவே இருக்கட்டும், பட்டாவே இருக்கட்டும். நாயி இழை இழையாப் பிச்சு முழுங்குச்சின்னா, கொடலு சுருங்கிப் போயிடும், பாவாடை நாடாவை இழுத்த மாதிரி. பிரிஞ்சு வர்ற எதையும் குடுக்கக் கூடாது.

எப்படித் தெரியுமா? நான் எங்க படிச்சேன்? டாக்டரு சொன்னாரு. சொன்னாரா, திட்டுனாரு. எல்லாம் எங்க வூட்டு மேஸ்திரியால. அதோ, வாசப்படியில காலை நீட்டிகினு படுத்திருக்கான் பாருங்க, அவன்தான். பேரு வச்சது நான்தான். தறிக்குத் தறி போய் நின்னு, ஒண்ணும் தெரியாமலே தலைய ஆட்டுவான். வேற இன்னா பேரு வைக்கிறது?

நாய் என் நாய் இல்ல. பையன் கொண்டாந்தான். எனக்கும் அதுக்கும் ஒரு பேச்சும் இல்ல. காலையில கொஞ்சம் நடக்கப் போவோம், சாயங்காலம் கோட்டை மைதானம் போவோம், மத்தியானம் என் கட்டில் கீழ படுத்துப்பான், அவ்ளோதான்.

போன ஆடியில அவனுக்கு வயிறு கட்டிகிச்சு. சோறு வேணாம், தண்ணி வேணாம். எனக்கும் அன்னிக்கு சோறு எறங்கல... வெயிலு, அதனால. எவனோ ஒருத்தன், தறியில மிச்சம் வுழுற பட்டு நூலை எல்லாம் உருண்டையாச் சுத்தி, விளையாடுடான்னு போட்டிருக்கான். எப்படியோ வெளிய வந்துடுச்சு. இன்னொரு வாட்டின்னா வயித்தைக் கிழிக்கணும்னுட்டாரு டாக்டரு. கேக்கவே பேஜாராப் போச்சு. அப்பறம் பொங்கலுக்கு, எவனோ ஒருத்தன் பாயசத்துல கெடந்த திராட்சையப் பொறுக்கிப் போட்டுட்டான். திராட்சை நாயோட கிட்னிக்கு ஆவாதாம். யாருக்குங்க தெரியும் அது? கோழி எலும்பும் அப்படித்தான். வெந்த எலும்பு ஊசி ஊசியா ஒடையுமாம்.

யாரு போட்டாங்களா? எவனோ ஒருத்தன்னு சொல்றேன் இல்ல? வூட்டுல நாலு பேரு வர்றாங்க, போறாங்க. அத்த வுடுங்க.

கேரட்டு குடுங்க. பறங்கிக்காய வேகவச்சு, உப்பு போடாமக் குடுங்க. அட, உள்ள ஜல்தியாப் போய் இன்னா பண்ணப் போறீங்க? லட்டு கத்தினா கத்தட்டும். விஷயம் இனிமேதான் இருக்குது.

எங்க மருமவ சுகன்யாவப் பாத்திருப்பீங்க. நல்ல பொண்ணு. கை சுத்தம், நெய்யறதுல ஒரு இழை பிசகாது. போன வாரம் மேஸ்திரி அவ சீப்பைக் கடிச்சுட்டான். அதுக்கு இன்னா சொல்லிச்சு தெரியுமா? "மாமா, இன்னொரு பொருளு அது வாயில போச்சின்னா, பெரணமல்லூர்ல எங்க அண்ணன் கழனி மோட்டார் கொட்டாய்க்கு அனுப்பிடுவேன். அங்க கடிச்சு முழுங்க ஒண்ணும் இல்ல, உசுரோடவாவது இருக்கும்." நாயி மேல பாசம் இல்லாமலா சொல்லுது? பாசத்துலதான் சொல்லுது. அதான் ஒண்ணும் எதுத்துப் பேச முடியல. ஆனா பெரணமல்லூரு... அவனுக்கு இடின்னா பயம், டீச்சரம்மா. மழைக்கு மோட்டார் கொட்டாயில யாரு கட்டில் கீழ போய் படுத்துப்பான்?

இப்ப இத்தப் பாருங்க. துண்டைப் பிரிக்கிறேன், சத்தம் போடாதீங்க.

நாடா. பாவாடைக்குப் போடுறது இல்ல, தறியில ஓடுற நாடா. இதுக்குள்ள நூலை வச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளினாத்தான் பொடவையே. கை பழகின நாடா சுகன்யாவுக்கு உசுரு. பாருங்க கோலத்தை. சோளக்கருது கடிச்ச மாதிரி கடிச்சு வச்சிருக்கான்.

தப்பு அவன் மேல இல்ல. எவனோ ஒருத்தன், பழைய நாடா ஒண்ணை, ரெண்டு பக்கமும் இருந்த இரும்பு மூக்கைப் பிடுங்கிட்டு, வழவழன்னு தேச்சு, கடிக்கிறதுக்குன்னு குடுத்திருக்கான். கடைச் சாமானை நம்ப முடியலன்னு நல்ல எண்ணத்துலதான். கொண்டாந்து கையில வச்சா ஒரு துண்டு கேரட்டுன்னு பழக்கமும் பண்ணி வச்சிருக்கான். நாய்க்குப் பழைய நாடா எது, தறியில இருக்கிற நாடா எதுன்னு எப்படித் தெரியும்? நாடான்னா கேரட்டு. அவன் அறிவுக்கு அது சரிதானே?

சுகன்யா கடைத்தெருவுக்குப் போயிருக்குது. இப்ப வந்துடும். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். லட்டு எங்க வூட்டுக்குள்ள பூந்து எடுத்துடுச்சின்னு. குட்டிதானே? குட்டிய யாரு ஊரை வுட்டு அனுப்புவாங்க? இன்னா சிரிக்கிறீங்க? பொய்யா? எங்க பொய்யி? கடிச்சது நாயி, அது நெசம். எந்த நாயின்றதுதான் கொஞ்சம் முன்ன பின்ன. பால்பல்லு இம்மாம் பெருசாப் பதியாதா? அட, அத்தப் போய் யாரு அளவெடுக்கப் போறாங்க! கொஞ்சம் சொல்லுங்க டீச்சரம்மா. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல.

ஐயோ, வண்டிச் சத்தம். வந்துடுச்சு.

வாம்மா சுகன்யா. ஒண்ணும் இல்லம்மா, டீச்சரம்மாகிட்ட சும்மா பேசிகினு... ஆங், இது நாடாதான். உன்துதான். இருமா, இருமா, கத்தாத. பாரு, நாடா கை தவறிக் கீழ வுழுந்துடுச்சு. எதிர்வூட்டு லட்டு இருக்குது இல்ல? அது சரியான போக்கிரி. மேஸ்திரி பாவம், தூங்கிகினு இருந்தான். டீச்சரம்மாவையே கேளு. சொல்லுங்க டீச்சரம்மா... டீச்சரம்மா?

கேட்டைச் சாத்திகினு போயிட்டாங்களா? பையைக் கூட வுட்டுட்டு?

டேய் மேஸ்திரி, நீ ஏண்டா எழுந்து வர்றே? போ, போய் படு. நாடாவ வுடு. வுடுடா... எதுக்குடா வாயில எடுத்துகினு வந்து என் கையில வைக்கிறே? உக்காராத. முன்னங்காலைத் தூக்காத! என்கிட்ட ஒண்ணும் இல்ல. மடியை மோந்து பாக்காதடா, மானத்தை வாங்காதடா...

இல்லம்மா. மடியில ஒண்ணும் இல்ல. கேரட்டு. டாக்டரு சொன்னாரேன்னு... ஆமா. நான்தான். நூலுருண்டையா? அதுவும்தான். திராட்சை... சரி, அதுவும்.

இன்னாம்மா சொல்றே? பெரணமல்லூருக்கா? நாயை இல்லியா? யாரை, என்னையா?

...

மோட்டார் கொட்டாய்க்கா. ம். சரி, போறேன்.

மேஸ்திரியும் வருவானில்ல?