குவாக்குவுக்குக் கூடிய கூட்டம்

மழை பெய்தால் பீர் விற்காது என்று சொல்கிறவர்கள் பார் நடத்திப் பார்த்ததில்லை, மேடம். மழை பிடித்துக்கொண்டால் வந்தவன் எழுந்து போக மாட்டான். நனையாமல் இருக்க ஓடி வந்து ஒதுங்கியவனும் வெறுமனே நிற்கக் கூச்சப்பட்டு ஒரு பாட்டில் கேட்பான். கம்பியில் கோத்துச் சுட்ட ஆட்டுக்கறி வாசனை மழையில் தெருமுனை வரை போகும். எங்கள் கடைகளில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். பெரிய விஷயங்கள் குவாக்குவுடையவை.

குவாக்கு அடுசெய் யார் என்று இந்தக் குமாசி ஊரில் சொல்லத் தேவையிருக்காது என்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கான்ஸ்டபிள், "ஆட்டக்காரரா? எந்தக் காலத்துல?" என்று கேட்டார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயசு.

கானா அணி அரையிறுதியில் தோற்கப்போகிறது என்று ஜனம் ரேடியோவை அணைத்துவிட்டிருந்த நேரத்தில் கோல் அடித்தவன் குவாக்கு. அன்று பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவன் பெயர்தான். அந்தக் கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவன் நான். நாட்டுக்காக நான் ஆடியது அந்த ஒரு ஆட்டம்தான், அதுவும் யாருக்கோ கால் பிசகியதால் கடைசியில் இறங்கினேன். டிவியில் அதைப் போடும்போதெல்லாம் பந்து அவன் காலுக்கு வந்த பிறகுதான் படம் ஆரம்பிக்கும். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. ஜனம் கோலைப் பார்க்கத்தான் வரும்.

ஜெர்மனியில் ஆடப் போனவன் முழங்கால் போய்த் திரும்பியபோது இந்த ஊர்ப் பந்தாமாவில் முதல் கடையைத் திறந்தோம். சட்டை எண்தான் பெயர், 'பத்தாம் நம்பர்'. பிறகு அசாஃபோ, தக்கோராடி, தமாலே, கடைசியில் தலைநகர் அக்ராவிலேயே ஒன்று. பணம் அவனுடையது, முகம் அவனுடையது. இறைச்சி வாங்குவது, டிவிகளை மாட்டுவது, குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போவது என்னுடையது.

எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது குவாக்கு கடையில் இருக்க மாட்டான். இடைவேளைக்கு விசில் ஊதியதும் நான் டிவிகளின் சத்தத்தைக் குறைப்பேன், டிரம் அடிப்பார்கள், அவன் பின்வாசல் வழியாக உள்ளே வருவான். கூட்டம் எழுந்து நிற்கும். மேசை மேசையாகப் போய் யார் தட்டிலிருந்தாவது ஒரு துண்டுக் கறியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். எவன் தட்டிலிருந்து எடுத்தானோ அவன் அதை ஒரு வாரம் சொல்லித் திரிவான். அந்த நேரத்தில் நான் சுவரோரம் நின்று ஜனங்களின் முகங்களைத்தான் பார்ப்பேன். அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் இருந்ததில்லை.

நான் கடற்கரைக்காரன், ஃபான்ட்டி இனம். அவன் அசாந்தி. "ஃபான்ட்டிக்காரன் வீட்ட வித்தாவது நல்ல மீனா தின்பான்டா" என்பான். "அசாந்திக்காரன் பட்டினி கெடந்து சாவுக்குச் சேத்து வைப்பான்" என்பேன் நான். இருவரும் சிரிப்போம். நாற்பது வயதைத் தாண்டியும் அதே கேலிதான், அதே சிரிப்புதான்.

பிறகு என்ன ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும். கரண்ட் நாள் விட்டு நாள் போனது. ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல், வந்த லாபத்தையெல்லாம் குடித்தது. பையன்கள் போனிலேயே ஆட்டம் பார்க்கத் தொடங்கினார்கள். தெருவுக்குத் தெரு பந்தயம் கட்டும் கடை வந்தது. தமாலேயை மூடினோம், அப்புறம் தக்கோராடி, அப்புறம் அக்ரா. மூடும்போதெல்லாம் குவாக்கு, "விடுடா, மரத்துல எல எப்பவும் நிக்குமா?" என்பான். எனக்குத்தான் சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை இடைவேளையில் டிரம் அடித்தார்கள், அவன் உள்ளே வந்தான், யாரும் எழுந்திருக்கவில்லை. ஏதோ வெளிநாட்டு அணியின் சட்டை போட்ட ஒருவன், "பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, டிவிய மறைக்குறீங்க" என்றான். அவன் தலைக்கு மேலேதான் குவாக்கு கோல் அடிக்கும் படம், சுவர் அளவுக்கு மாட்டியிருந்தது. குவாக்கு, "மன்னிச்சுக்கோப்பா" என்று தள்ளி நின்றான். தள்ளி நின்றதோடு விடாமல், அந்தப் பையன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மீதி ஆட்டத்தைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. கூடத்துக்குப் பின்னால் ஒரு சாமான் அறை உண்டு, அங்கே போய் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வருடம்தான் எங்கள் பழைய கோல்கீப்பர் அப்பியா இறந்தான். கடைசிக் காலத்தில் ஷேர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான் பாவம், ஒருவனும் ஒரு வேளைச் சோறு வாங்கித் தந்ததில்லை. ஆனால் சாவு என்றால் நம் ஜனம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பிணவறையில் மாதக்கணக்கில் வைத்து, சுவரெல்லாம் அவன் படம் ஒட்டி, வெளிநாட்டில் இருக்கும் சொந்தமெல்லாம் வந்து சேர்ந்த பிறகு எடுத்தார்கள். ஊரே சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணியில் நின்றது. மந்திரி வந்தார். அவன் தடுத்த பந்துகளை ரேடியோவில் நாள் முழுக்கச் சொன்னார்கள். சடங்கு முடிந்து கூட்டம் நேராக எங்கள் கடைக்கு வந்தது, நிற்க இடமில்லை.

"பாத்தியா எபோ? சொந்தத்துக்குப் பொணத்து மேலதான் பாசம்னு சும்மாவா சொன்னாங்க" என்றான் குவாக்கு.

நான் சிரிக்கவில்லை. அப்பியா சரியான நேரத்தில் போனான் என்று எனக்குத் தோன்றியது. அவன் தடுத்ததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே போனான். பத்து வருடம் கழித்துப் போயிருந்தால் வாடகைக்குப் போட்ட நாற்காலிகள் காலியாக இருந்திருக்கும். இதை நினைத்தேன், அவ்வளவுதான். நினைப்பது தப்பில்லையே.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் குவாக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். பந்தாமா கடையை ஒரு பாஸ்டர் கேட்கிறாராம், பெரிய கூடம், தேவாலயத்துக்குத் தோதாக இருக்குமாம். அசாஃபோவை ஏற்கெனவே பேசி முடித்துவிட்டான், என்னிடம் சொல்லவில்லை.

"மாம்பொங் பக்கம் அம்மாவோட நெலம் கெடக்கு. கோக்கோ போடுறேன், சாயங்காலம் பொடிப் பசங்களுக்குப் பந்து சொல்லித் தர்றேன். போதும்டா, நல்லா வாழ்ந்தாச்சு" என்றான்.

"நான்?" என்று கேட்டேன்.

"நீ உன் ஊருக்குப் போடா. கடல் இருக்கு, மீன் இருக்கு. இன்னும் எத்தன நாள் என் பின்னாடியே ஓடி வருவ?"

அவன் அன்பாகத்தான் சொன்னான். தோளில் கைபோட்டுத்தான் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை என்பதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவனை நினைத்துத்தான் பயம் வந்தது. மாம்பொங் காட்டுக்குள் போய் உட்கார்ந்தால் யாருக்கு அவனைத் தெரியும்? இருபது வருடம் கழித்து ஒரு கிழவன் செத்தான் என்று நாலு பேர் தூக்கிப்போய்ப் புதைப்பார்கள். குவாக்கு அடுசெய்க்கு அப்படியொரு சாவா? அதைப் பார்த்துக்கொண்டு நான் உயிரோடு இருக்க வேண்டுமா?

பாஸ்டருக்குச் சாவி கொடுக்க இருந்ததற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம். ஃபுஃபுக் களியும் ஆட்டுக்கறிச் சாறும் நானே கொண்டுவந்து வைத்தேன், ருசித்துச் சாப்பிட்டான். கரண்ட் போனது. மழை தகரக் கூரையில் கொட்டியது. கடைசி ஆட்டத்தைப் பார்க்க முன்பக்கத் திறந்த கூடத்தில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். குவாக்கு வழக்கம்போலச் சாமான் அறையில் படுத்துக்கொண்டான். அதற்கு ஜன்னல் கிடையாது. முன்பு பீர்ப் பெட்டிகளை வைத்த அறை, அதனால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

ஜெனரேட்டர் எப்போதும் கொல்லையில்தான் நிற்கும். அதன் புகை மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும், அதை உள்ளே இழுக்கக் கூடாது என்பது இந்த நாட்டில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இழுத்துத்தான் வருடா வருடம் குடும்பம் குடும்பமாகச் செத்துக்கொண்டும் இருக்கிறோம், மழைக்குப் பயந்து. அதனால் நான் அதை அவன் அறைக்கு வெளியே நடைக்கு உருட்டிக்கொண்டு வந்ததை ஒருவரும் சந்தேகப்படவில்லை. "மழைல நனையுமேன்னு உள்ள வச்சிருக்கான், பாவம், கூடவே இருந்தவன்" என்று பெண்கள் என் தலையைத் தடவி அழுதார்கள். நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை, மேடம். இன்றைக்கும் சாப்பிடும்போது எதிரே அவன் இல்லையே என்று நினைத்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது.

சடங்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஊரே பார்த்தது. அவன் சட்டை எண் அச்சடித்த கறுப்புத் துணி கிடைக்காமல் ஜனம் அலைந்தது. அவன் உடலை மைதானத்தில் வைத்தோம். மூடிக் கிடந்த கடைகளை ஒருநாள் திறந்துவிடச் சொன்னேன், எல்லா ஊரிலும் டிவியில் அந்தக் கோல், எல்லா ஊரிலும் ஜனம் எழுந்து நின்றது. டிவியை மறைக்காதே என்று சொன்ன பையனைக்கூடப் பார்த்தேன், சிவப்புத் துணி கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அவன் குடும்பத்து மூத்தவர் கடையைக் கொடுக்க மாட்டேன் என்று பாஸ்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். என் குவாக்கு இருந்தபோது மறந்துபோனார்கள், அதை நான் சரிசெய்தேன்.

பிறகு ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்த அவன் மகள் செர்வா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "சித்தப்பா, அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"தூக்கத்துலேயே போயிட்டார்மா" என்றேன். அவள் நம்பினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

அங்கேயே விட்டிருக்கலாம். நீங்கள் யாரும் என்னைத் தேடி வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தூக்கத்தில் போனான் என்றால் அவன் கடைசியாக யாரையும் நினைக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. பத்திரிகைக்காரர்களும் அப்படியே எழுதிவிட்டார்கள். அது உண்மையில்லை. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதை என்னோடு வைத்துக்கொண்டு சாக மனம் வரவில்லை. அதனால் போன வாரம் செர்வாவை அழைத்துச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் உங்களுக்குப் போன் செய்தாள்.

அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளைப் போட்டவன் நான்தான், பிறகு எடுத்தவனும் நான்தான். நடைக் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு, மழைக்காற்று படும் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவன் எழுந்துவிட்டான். முதலில் இருமினான், பிறகு கதவைத் தட்டினான், பிறகு கூப்பிடத் தொடங்கினான். நான் போய் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பி வந்து நின்றேன். அப்போதும் எனக்குக் கேட்டது. அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை. மகளைக் கூப்பிடவில்லை. கடவுளைக்கூடக் கூப்பிடவில்லை. "எபோ, எபோ" என்றுதான் கூப்பிட்டான், குரல் நிற்கும்வரை. அவனுக்கு என்னைவிட வேண்டியவர்கள் இந்த உலகத்தில் யாராவது இருந்தார்களா, மேடம், நீங்களே சொல்லுங்கள்.