பீலிக்கு மேலே சூரியன்

றக்வானையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கிய பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். மழை விட்ட வெயில் இருவர் மடியிலும் விழுந்து விழுந்து விலகியது.

“சூரியனத்தான் பாத்தேன்னு தோட்டத்து லயம் பூரா வீடு வீடா சொல்லிட்டுத் திரியுறீங்களே, யாருங்க நம்புவா?”

“காலையில அது தண்ணிப் பீலிக்கு மேலதான் ஏறுது. நான் என்ன செய்ய?”

“பொம்பளைங்க குளிக்கிற பீலி. அந்தப் பக்கமா டெலஸ்கோப்பத் திருப்பி வச்சா?”

“எடுத்த படத்தையும் காட்டினேனே! சூரியனோட கரும்புள்ளி எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு.”

“காட்டினீங்க. அது எவ முதுகு மச்சம்னு கேக்குறாங்க. இப்ப நான் வாளியோட போனா, எல்லாரும் எந்திரிச்சிப் போயிர்றாங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒரு கெழமைக்கு, ஏழே நாளு, அந்த டெலஸ்கோப்ப மூடி வைங்க.”

“அதுக்குள்ள புள்ளி சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிருமே.”

“போகட்டும். குளிக்க நான் எந்தப் பக்கம் போறது?”