சத்தமில்லாத பாட்டு கிளாஸ்

சோமனூரிலிருந்து கோவை வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒருவர், துண்டில் சுற்றிய கம்ப்யூட்டரை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் மனைவி.

“நல்லா ஓடிட்டிருந்ததை நானே கெடுத்துப்போட்டேனுங்க,” என்றார், அருகில் நின்ற தெரிந்தவரிடம்.

“வைரஸுங்களா?”

“இல்லீங்க, என்ற ஆர்வம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல புது வெர்ஷன் வந்திருக்குது, இன்னும் சோதனையிலதான் இருக்குது, அவசரமில்லீன்னா போடாதீங்கன்னு அதுவே சொல்லுச்சு. நான்தான் பெரிய இஞ்சினியராட்ட போட்டேன். சத்தமே போயிருச்சு. இவ ஆன்லைன்ல பாட்டு கிளாஸ் எடுக்கறவ.”

“காலையில கிளாஸ் முச்சூடும் பாடினேனுங்க,” என்றார் மனைவி. “புள்ளைங்க என்ற வாயையே பார்த்துட்டு இருந்துச்சுங்க. எவ்வளவு கவனமாக் கேக்குதுகன்னு நெனச்சேன்.”

தெரிந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சாயங்கால கிளாஸுக்கு என்னங்க்கா பண்ணுவீங்க?”

“என்ற போன் இருக்குதுங்களே.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“ஏனுங்க, இதுலயுமா?”

“நேத்தே போட்டுட்டேன், கண்ணு.”