பம்ப்பைத் தொடாத நாற்பது நிமிடம்

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. மருந்துப் பெட்டி அட்டை ஒன்றை மடித்து அடியில் கொடுத்தால்தான் ஆடாமல் நிற்கும். வீட்டைச் சோதனை போட வந்த உங்கள் ஆட்கள் அந்த அட்டையை எடுத்துப் போய்விட்டார்கள். அதில் ஒன்றுமில்லை, இருமல் மருந்து வந்த பெட்டி. முடிந்தால் திருப்பித் தாருங்கள்.

நினைவில் இருப்பதை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு வருடம் லிஃப்ட் குழிகளில் தூசியைக் குடித்து ஆஸ்துமா வாங்கிக்கொண்டார். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சன்னமாக ஒரு விசில் கேட்கும். சட்டைப்பையில் எப்போதும் மூச்சு முட்டினால் உறிஞ்சும் நீல நிற பம்ப் இருக்கும். நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், அதற்கான படிப்பு படித்தவள். மாதாமாதம் அவருக்குப் புது பம்ப் எடுத்து வருவது நான்தான்.

நான்கு வருடமாகக் கைபேசியில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடிவந்தார். அபார நினைவாற்றல். ஆறு மாதத்துக்கு முன் யாருக்கு என்ன சீட்டு விழுந்தது என்று சொல்வார். எங்கள் கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் யார் எந்தத் தேதியில் ஊருக்குத் திரும்பினார்கள் என்றுகூடச் சொல்வார். இந்த வருடம் ஓர் ஆட்டத்தில் ஜெயித்து, வெளியூரில் நடக்கும் பெரிய போட்டியில் ஓர் இடம் பெற்றார். எட்டு மணி நேர ரயில் பயணம், மூன்று நாள் ஆட்டம். ஆட்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுவது அதுதான் முதல் தடவை.

"ஃபோன்ல என் மூஞ்சி யாருக்கும் தெரியாது. அங்க எட்டுப் பேர் என்னையே பார்த்துட்டு இருப்பானுங்க," என்றார். "நீதான் எனக்கு அந்த எட்டுப் பேரு."

ஆறு வாரம் பயிற்சி. வேலை முடிந்து வந்ததும் மேசையைத் துடைத்துச் சீட்டைப் போடுவோம். மருந்துப் புட்டி மூடிகள்தான் பந்தயம் கட்டும் சில்லுகள். நாற்காலிகள் போதாமல் ஸ்டூல், கவிழ்த்த வாளி எல்லாம் வந்து உட்கார்ந்தன. ஒவ்வோர் இடத்துக்கும் அவர் ஒரு பெயர் வைத்தார். மீசை, தூங்குமூஞ்சி, டீச்சரம்மா, இப்படி எட்டுப் பேர். நான் இடம் மாறி மாறி உட்கார்ந்து எட்டுப் பேராகவும் ஆடினேன். மீசைக்கு வாய் அதிகம். "என்ன தம்பி, லிஃப்ட் பாதியில நின்னுபோச்சா?" என்று மீசையின் குரலில் சீண்டுவேன். அதற்கு முகம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பயிற்சி. அவர் சிரித்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் அவ்வளவு பேசியதில்லை. என் வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. இதையும் எழுதிவிடுவது நல்லது.

இரண்டாம் வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். கையில் நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் காட்டிச் சில்லுகளைத் தள்ளுவதை ப்ளஃப் என்பார்கள். ப்ளஃப் செய்யும்போதெல்லாம் அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பம்ப்பை எடுத்து ஒருமுறை உறிஞ்சிவிட்டு வைப்பார். நல்ல சீட்டு இருந்தால் கை போகாது. உறுதியாகத் தெரிந்த பிறகு சொன்னேன்.

அவர் பம்ப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "அப்ப பம்ப்பைத் தொடாம ஆடணும்," என்றார்.

"பழகிக்கலாம்," என்றேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி சொல்லக்கூடாத பதில்தான்.

சமையலறை டைமரை வைத்துப் பழகினோம். முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது. மூச்சு முட்டினாலும் முகத்தில் காட்டாமல் இருக்க வேண்டும். கழுத்து நரம்பு துடிப்பது தெரியாமலிருக்க மஃப்ளரும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தேன். நான்காவது வாரம் நாற்பது நிமிடத்தைத் தொட்டார்.

அந்த வாரம் நான்கு நாளாக மழை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கைபேசி ஆட்டத்தில் பழக்கமான ஒருவர், ஜெயித்தால் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கித் தங்கள் குழுவோடு ஆடச் சொல்லிக் கூப்பிட்டதாக, என் கணவர் என் பின்னால் நின்று சிரித்தபடி சொன்னார். நான் திரும்பினேன்.

"ஜெயிச்சாலும் வந்துடுவீங்கல்ல?"

"வராம? உன்னை விட்டுட்டு எங்க போகப் போறேன்."

கை சட்டைப்பைக்குப் போனது. ஒருமுறை உறிஞ்சினார். பம்ப்பைப் பையில் போட்டுவிட்டு, இதோ வருகிறேன் என்று குடையோடு வெளியே போனார். கழுவிய தட்டையே நான் மறுபடியும் கழுவினேன்.

சீட்டைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறது, அதற்கு எங்கள் கடையில் ஒன்றும் இல்லையா என்று அவராகத்தான் கேட்டார். இருக்கிறது. சின்ன வெள்ளை மாத்திரை. நெஞ்சுப் படபடப்பை அடக்கும், கை நடுக்கம் நிற்கும். அதைக் கேட்டு யார் வந்தாலும், டாக்டர் சீட்டோடு வந்தாலும், நாங்கள் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆஸ்துமா, வீசிங் உண்டா? உண்டு என்றால் கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும், அப்போது பம்ப்பும் சரியாகக் கைகொடுக்காது. அந்தக் கேள்வியை அட்டையில் எழுதி அலமாரியில் ஒட்டியிருக்கிறோம். கையெழுத்து என்னுடையது.

மாத்திரையைப் பெயர் இல்லாத காகித உறையில் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம், ஆட்டத்தில் உட்காருவதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டால் போதும் என்றேன்.

"இதுக்கு நடுவுல வீசிங் வந்துச்சுன்னா?"

"நாற்பது நிமிஷம் தாங்குறீங்க இல்ல," என்றேன்.

என் கணக்கு சாதாரணமானது. மூச்சு இறுகும், எழுந்து வெளியே போவார், ஆட்டம் கைவிட்டுப் போகும், தோற்றுவிட்டு வீட்டுக்கு வருவார். சுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்து முதுகைத் தடவிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நடந்ததை ஆட்ட மேற்பார்வையாளர் எனக்கு ஃபோனில் சொன்னார். முதல் நாள், ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். என் கணவர் கையிலிருந்த சில்லுகள் அத்தனையையும் நடுவில் தள்ளினார். எதிரே இருந்தவர் அவரையே வெகுநேரம் பார்த்தார். கை நடுங்கவில்லை. மஃப்ளருக்கும் கண்ணாடிக்கும் நடுவே எதுவும் தெரியவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தத்தைப் பக்கத்து ஆள் ஏசி சத்தம் என்று நினைத்தாராம். கடைசியில் எதிராளி சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். ஜெயித்த சில்லுகளை என் கணவர் எடுத்துக்கொள்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் எடுக்கவில்லை. தொட்டுப் பார்த்தபோது மூச்சு இல்லை.

அவர் கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு ஏழு, ஒரு இரண்டு. போக்கரில் அதைவிட மோசமான சீட்டு இல்லை.

"இவ்வளவு அமைதியா ப்ளஃப் பண்ணின ஆளை நான் பார்த்ததே இல்லைம்மா," என்றார் மேற்பார்வையாளர். ஆறுதலுக்காகச் சொல்லியிருப்பார். அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. சட்டைப்பையில் பம்ப் இருந்தது. புதிது, தொடப்படாதது.

இப்போது வீட்டில் அந்த எட்டுப் பேரும் இருக்கிறார்கள். நாற்காலிகளைப் பழைய இடத்தில் போட்டேன், வாளியைக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். பிரயோஜனமில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே மீசை. அவ்வளவு வாயாடியவர் இப்போது ஒரு வார்த்தை பேசுவதில்லை. எட்டுப் பேரும் என் கையையே பார்க்கிறார்கள், அது எங்கே போகிறதென்று. சன்னமாக விசில் கேட்கிறது. எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன். அடுப்பு அணைந்திருக்கிறது. டைமர் நாற்பதில் நிற்கிறது. அதைத் திருப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை.

ஆக, மாத்திரையைக் கொடுத்தது நான்தான், தெரிந்தேதான் கொடுத்தேன். எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடம் கேட்காமல் விட்டது மறதியால் அல்ல.

நேற்று அவர் பையிலிருந்த ரயில் டிக்கெட்டைக் காட்டி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். திரும்பி வருவதற்கான டிக்கெட். போட்டியின் கடைசி நாளுக்கு மறுநாள் காலை வண்டி. அந்த மழை ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்டேஷன் கவுன்ட்டரில் எடுத்தது. மழையில் அவருக்கு மூச்சு வாங்குவது வழக்கந்தானே என்றும் கேட்டீர்கள்.

யோசித்துப் பார்த்தேன். முதல் நாளே தோற்றுவிட்டால் திரும்பி வருவதற்காக எடுத்து வைத்திருப்பார். தேதியை மாற்றிச் சொல்லி வாங்கிவிட்டார், அவ்வளவுதான். அவருக்கு எப்போதுமே தேதிகள் நினைவில் நிற்பதில்லை.