எழும்பாத கூடைகள்

…எழும்பலையே! ஒண்ணுகூட எழும்பலையே! நீங்களே மைக்ராஸ்கோப்புல பாருங்க, சங்மோ தம்பி. எள்ளளவு கூடைன்னாலும் பேருக்கு ஒரு குழி வேண்டாமா? கிம்பாப்புக்குச் சோத்தைச் சுத்துற கடற்பாசித் தாள் மழையில நனைஞ்ச மாதிரி படுத்துக் கிடக்கு! மத்தியானம் சியோல்லேருந்து டாக்டர் வர்றார். என்னன்னு காட்டுறது? ‘உங்க செல் உருண்டையைப் பிடிக்கிற கூடை இதுதான், கொஞ்சம் சப்பையா இருக்கும், பொறுத்துக்குங்க’ன்னா?

உக்காருங்க. என் லேபுக்கு வந்த முதல் நாளே உங்களுக்கு இந்தக் கூத்து.

வேலை என்ன பிரமாதம்? ரப்பர் துண்டை நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கணும். அதுமேல கால் காலா வெட்டின மெல்லிசான ஏட்டை வைக்கணும். கால் நுனி மட்டும் ஒட்டணும், நடுவுல ஒட்டவே கூடாது. அப்புறம் மெதுவா விட்டா ரப்பர் சுருங்கும், காலெல்லாம் கிட்ட வரும், நடுப்பாகம் வேற வழியில்லாம மேல கிளம்பும். அவ்வளவுதான்! இதுக்கு இந்த நாரேங்கிற பொண்ணு மூணு வருஷமா பிஎச்.டி. பண்றாளாம்.

‘எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், மேடம்’ங்கிறா. சரியாச் செஞ்சா எழும்பியிருக்குமே! வாய் மட்டும் நல்லா எழும்புது. ‘பையை எடுத்துக்கோ, வேற லேப் பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டேன். அழுதா. கண்ணீர் ரப்பர்மேல விழாம அழுதா பாருங்க, அந்த மட்டும் கெட்டிக்காரி. இப்பத்தான் பையோட பஸ் ஸ்டாப்புக்குப் போனா.

சே, இந்த மிக்ஸ் காப்பி… காப்பியா இது, சர்க்கரைப் பாகு. யார் வாங்கி வெச்சது? அவதான்!

என்ன கேட்டீங்க? ஒட்டுற இடத்தை எப்படிக் குறிக்கிறதா? புற ஊதா விளக்குதான். வெளிச்சம் பட்ட இடம் ஒட்டும், படாத இடம் ஒட்டாது. அதுக்குத்தான் கால் படுற இடத்துல மட்டும் ஓட்டை போட்ட மாஸ்க் தகடு. அந்த மாஸ்க்கை என்ன பண்றா தெரியுமா? வேலை முடிஞ்ச கையோட டிராயர்ல வெச்சுப் பூட்டிடறா! குடும்ப நகையா அது? ‘கீறல் விழும், மேடம்’! இன்னிக்கும் அப்படித்தான். வெளிச்சம் காட்டினா, மாஸ்க்கைப் பூட்டினா, ஏட்டை எடுத்துட்டு வரப் போனா. இவ காட்டினது போதுமான்னு எனக்கு ஒரு… டாக்டர் வர்ற நாளாச்சே… காலு இன்னும் கொஞ்சம் அழுத்தமாப் பிடிக்கட்டுமேன்னு நானே ரப்பரை இன்னொரு தரம் விளக்குக்கு அடியில வெச்சேன்.

மாஸ்க்கா? அதான் பூட்டிட்டாளே, சொன்னேனில்ல? வெறும் ரப்பரை…

வெறும்…

ரப்பர் முழுக்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? மாஸ்க்கைப் பூட்டாம இருந்திருந்தா இது நடந்திருக்குமா? சொல்லுங்க! …எங்க எழுந்துட்டீங்க? பஸ் ஸ்டாப்புக்கா? கோட்டைக் கழட்டுங்க! லேப் கோட்டோட தெருவுல ஓடக் கூடாது, தெரியாதா?

தம்பி! நான் எதுவும் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். டிராயர் சாவி அவகிட்ட இருக்கு. அதுமட்டும் வேணும். குடுத்தனுப்பச் சொல்லுங்க…

இல்ல. அவளே எடுத்துட்டு வரட்டும்.