மெழுகுப் பேரி

பேரிக்காயை மரத்திலேயே பழுக்க விடக் கூடாது, ஐயா. கல்லாக இருக்கும்போதே பறித்து வைக்கோலில் பத்து நாள் வைத்தால் உள்ளிருந்து கனியும். தோலைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. எங்கள் மெழுகுப் பேரி கனிவதற்கு முந்தின நாள் வரை பச்சையாக இருந்து ஏமாற்றும்.

தேவாரம் ஊருக்கு மேலே மலைத் தோட்டத்தில் நிற்பது ஒற்றை மரம். என் பூட்டனார் கொடைக்கானலிலிருந்து ஒட்டுக்குச்சியை வாழைத்தண்டில் செருகி, ஈரம் காயாமல் நடந்தே கொண்டுவந்தார். ராயப்பன்பட்டிக் கோயில் திருநாளுக்கு முதல் கூடை எங்களுடையதுதான். வேறு யாருக்கும் ஒரு குச்சி கொடுத்ததில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. பொன்னுராஜ் என்ற பெயரை இந்த மரம்தான் சொல்ல வேண்டும்.

வேலிக்கு அந்தப்பக்கம் ராக்கையா ஒரு முரட்டுப் பேரி வளர்த்தான். கடித்தால் மணல், மாடுகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். இரண்டும் ஒரே வாரத்தில் பூக்கும். தேனீக்கள் அதில் புரண்டு எழுந்து நேராக என் மரத்துக்கு வரும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். வெட்டிவிடு என்று மூன்று வருடம் தன்மையாகத்தான் சொன்னேன்.

"பேரிக்கு வேற சாதிப் பேரியோட பூந்தாது வேணும்ணே. தோட்டக்கலை ஆபீசுல சொன்னாக. என் மரம் இங்கன நிக்கப்போயித்தான் உங்க மரம் காய்க்குது" என்று சிரித்தான்.

என் மரம் அவன் தயவில் காய்க்கிறதாம்.

போன கார்த்திகையில் கிளை கழிக்கிற கவாத்துக்கு ஒத்தாசை வேண்டும் என்று கூப்பிட்டேன். வந்தான். கத்தரியை எடுக்கக் குனிந்தபோது பிடரியில் அரிவாளை இறக்கினேன். கிளை மாதிரி ஒரே வெட்டில் முடியவில்லை. நான்காவதில்தான் அடங்கினான். அதுவரை என் காலைப் பிடித்துக்கொண்டு, "முத்துமாரி" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான். பிடியை விடுவிக்க இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. மரத்தடியில் எருவுக்கு வெட்டிய குழியிலேயே போட்டுச் சாணத்தால் மூடினேன். வீணாகப் போகவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் அவன் மரத்தையும் அடியோடு அறுத்தேன். அவன் அதை விறகுக்கு விற்றுவிட்டுக் கேரளா பக்கம் வேலைக்குப் போனதாக முத்துமாரியம்மாளிடம் சொன்னேன். நம்பினாள்.

மாசியில் என் மரம் இலை தெரியாமல் பூத்தது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. எல்லாம் உதிர்ந்து அவன்மேல் வெள்ளையாகக் கிடந்தது. அன்றுதான் அழுதேன்.

இப்போது காரணம் புரிந்துவிட்டது. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அவன் உடம்பு வேரில் கிடந்து விஷம் வைக்கிறது. தோண்டி எடுத்துவிடுங்கள், வேர் அறுபடாமல் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த மாசியில் பாருங்கள் ஐயா, கிளை தாங்காமல் காய்க்கும்.